ஆளைக் காட்டு அண்ணாச்சி

வருமான வரித்துறையை ஏமாற்றிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கலாம். கட்டின மனைவியை ஏமாற்றிவிடலாம் என்று நம்புகிறவர்கள் அதைவிடக் கூடுதலாகவே இருப்பார்கள். ஆனால் திருத்தங்கல் ‘ஆளைக் காட்டு’ அண்ணாச்சியை ஏமாற்றிவிடலாம் என்று நம்புகிற மனிதன் இந்தப் பட்டாசு பூமியில் இன்னும் பிறக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தவன் மட்டும் ஒருவன் உண்டு. இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறதே, அந்த ஆள்தான்.

அண்ணாச்சியின் சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஆடிட்டர் இல்லை. ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதி ஓய்ந்து, வீட்டு முன்னறையில் ஒரு மேசையும் பழைய கம்ப்யூட்டரும் போட்டு, எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு வரி ரிட்டன் போட்டுக் கொடுப்பவர். அந்த அறையில் இரண்டு நீள பெஞ்சுகள் கிடக்கும். ரிட்டன் போடுகிற இடத்தில் கல்யாண வீட்டு பெஞ்சு எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவர் சொல்வார்: “ரிட்டன் பாரத்துல எம்புட்டுப் பேரு வருதோ, அம்புட்டுப் பேரும் எம் முன்னாடி வந்து உக்காரணும்லா?”

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மகளின் படிப்புக் கடன் வட்டி, பெற்றோரின் மருத்துவக் காப்பீடு என்று அரசாங்கம் குடும்பஸ்தனுக்கு வரிக் கணக்கில் சில கழிவுகள் கொடுக்கிறது. மற்ற ஊர்களில் ரசீதைக் காட்டினால் போதும். திருத்தங்கலில் ஆளைக் காட்ட வேண்டும். கழிவு காகிதத்துக்கு இல்லை, ஆளுக்கு என்பது அவர் கட்சி. அதனால் ஜூலை மாதம் வந்தால் அவர் தெருவில் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும், ஆட்டோவில் வந்திறங்கும் வயசாளிகளுமாகக் கூட்டம் நெரியும். பெண் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்து ஒரு பூக்காரம்மா வாசலிலேயே கடை போட்டதும் உண்டு.

பட்டாசுக் கம்பெனி குமாஸ்தா ஒருவர், அப்பா வீட்டில் இருந்துகொண்டே அப்பாவுக்கு மாத வாடகை கொடுப்பதாக எழுதச் சொன்னார். கொடுத்தால் எழுதலாம், அதில் தப்பில்லை. ஆனால் அண்ணாச்சி அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா வந்தார். “மகன்கிட்ட எம்புட்டு வாடகை வாங்குதீக?” என்று அண்ணாச்சி கேட்டதும் பெரியவர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். “வாடகையா? கரண்டு பில்லுக்கே அவன் அம்மாக்கிட்டத்தான கடன் கேக்கான்.” குமாஸ்தா அன்று கட்டிய வரியைவிட, வீட்டுக்குப் போகிற வழியில் அப்பாவிடம் வாங்கிக் கட்டியதுதான் அதிகம் என்று கேள்வி.

லாரி ஆபீஸ்காரர் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள். சட்டத்தில் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளின் கட்டணம்தான் கழியும். மூன்றும் வந்து வரிசையில் நின்றன. கட்டணம் கூடின இரண்டு பேரை அண்ணாச்சி பேர் சொல்லி எழுத, எழுதப்படாத கடைக்குட்டி, தன்னைத் தத்துக் கொடுத்துவிட்டதாக நினைத்து அழ ஆரம்பித்துவிட்டது. லாரிக்காரர் மனைவி டீச்சர், அவரும் வரி கட்டுகிறவர் என்று தெரிந்ததும் அண்ணாச்சி முகம் தெளிந்தது. “நீ அம்மா பாரத்துல தனியா, முதல் ஆளா வாரே” என்று சொல்லி, எழுதி, அதன் பேரைப் படித்தும் காட்டினார். அப்புறம் அண்ணன்கள் இரண்டு பேரும் நாங்களும் அம்மா பாரத்துக்குப் போகிறோம் என்று அழுதார்கள்.

இன்னொருவர் அக்கா மகனின் இன்ஜினியரிங் கடனுக்கு வட்டி கட்டினார். பையனுக்குத்தான் தன் மகளைக் கொடுப்பதாகப் பேச்சு. ஆக அவன் பாதி மகன், ஆகவே பாதி வட்டியாவது கழியாதா என்பது அவர் வாதம். அண்ணாச்சி பையனையும் பெண்ணையும் வரச் சொல்லி இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்தார். தன் படிப்பு, பெண்டாட்டி படிப்பு, பெத்த பிள்ளை படிப்பு, கோர்ட்டு மூலம் காப்பாளராக இருந்தால் அந்தப் பிள்ளை படிப்பு, இவ்வளவுதான் கணக்கில் வரும் என்றார். “கல்யாணமே ஆனாலும் மருமகன் மருமகன்தான். உங்க பொண்ணு மேல படிச்சுதுன்னா சொல்லுங்க, ஒத்த ரூவா விடாம கழிச்சுத் தாரேன்.” அதைக் கேட்ட பெண் வீட்டுக்குப் போனதும் மேலே படிக்கப் போகிறேன் என்று நின்றுகொண்டதும், கல்யாணம் மூன்று வருடம் தள்ளிப்போனதும் தனிக் கதை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வேர்க்கிறது.

சிவகாசியில் தினசரி காலண்டர் போடுகிற அச்சகம் ஒன்றில் நான் மேனேஜர். மனைவி மாரீஸ்வரி தனியார் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. கபடி சொல்லிக் கொடுப்பவள். அவள் விசில் ஊதினால் இரண்டு ஸ்டாப் தள்ளி வருகிற பஸ் நிற்கும். ஒரே மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இன்ஜினியரிங் படிக்கிறாள், என் பெயரில் வாங்கின வங்கிக் கடனில். ஏழு வருடமாக இவர்களை அண்ணாச்சி முன்னால் உட்காரவைத்து ரிட்டன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் என் அம்மாவை அழைத்துப் போனபோது, காப்பீடு பற்றி அவர் கேட்ட ஒரு கேள்விக்கு அம்மா ஒரு மணி நேரம் பதில் சொன்னாள். அதில் என் ஒன்பதாம் வகுப்பு மார்க்கும் இருந்தது. பெஞ்சில் காத்திருந்த ஆறு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அன்றே எனக்கு அண்ணாச்சி கசந்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்து அச்சகத்துக்கு லேப்டாப்போடு ஒரு ஏஜென்ட் வந்து சேர்ந்தான். சம்பளத்தில் பிடித்த வரியில் பெரும்பகுதியைத் திருப்பி வாங்கித் தருவான், அதில் அவனுக்கு ஒரு பங்கு. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எங்கே வரட்டும் என்று கேட்டேன். அவன் சிரித்தான். “ஆள் எதுக்கு சார்? ஆதார் போதும்.” எனக்கு அது தேவவாக்காகப் பட்டது. மூன்று பேர் ஆதார் நகலையும் கொடுத்தேன். ஒரு மாதத்தில் பணம் வந்தது. வாஷிங் மெஷின் வாங்கினேன். மனைவி கேட்டபோது, என் உழைப்பைப் பார்த்து முதலாளி கண்கலங்கிக் கொடுத்தது என்று சொல்லிவைத்தேன். முதலாளி கண்கலங்கினார் என்ற பகுதி தேவையே இல்லை. ஆனாலும் சேர்த்தேன். கலைஞனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

டிசம்பர் முதல் வாரம் போனில் செய்தி வந்தது. உங்கள் ரிட்டனில் உங்களுக்குத் தகுதியில்லாத கழிவுகள் இருப்பதாகத் தெரிகிறது, சரிபார்த்து டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் திருத்திக்கொள்ளவும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. அந்த மரியாதைதான் இடித்தது. திட்டுகிறவன் அடிக்க மாட்டான். ‘அன்புடையீர்’ என்கிறவனைத்தான் நம்ப முடியாது.

ஏஜென்ட்டுக்குப் போன் அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. அச்சகத்தில் என்னையும் கட்டிங் மெஷின்காரரையும் சேர்த்து ஏழு பேருக்கு அதே செய்தி. டீக்கடையில் ஏழு பேரும் திருட்டு நகையைப் பங்கு பிரிக்கிறவர்களைப் போலக் குசுகுசுத்தோம். கூரியர் பையன் காக்கிப் பேண்ட் போட்டு வந்தான் என்பதற்காக நான் பேப்பர் குடோனுக்குள் போய்ப் பத்து நிமிடம் நின்றேன். அவன் கொண்டுவந்தது எங்கள் அச்சகத்துக்கான மை சாம்பிள்.

கடைசியில் திருத்தங்கலுக்குத்தான் போனேன். ஒரு வருடம் அவரை விட்டு ஓடிப் போனவன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஏஜென்ட் வாட்ஸாப்பில் அனுப்பிய ரிட்டனை நான் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை. அதைப் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்துக்கொண்டே வந்தார். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார். வங்கி மேனேஜர் வந்தபோதுகூட எழுந்திருக்காத மனிதர்.

“தம்பி,” என்றார். குரல் மாறியிருந்தது. “மாரீஸ்வரிக்கு என்ன ஆச்சுய்யா?”

“அவளுக்கு என்ன அண்ணாச்சி? வீட்டுல இருக்கா.”

“எப்ப நடந்துச்சு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே. எந்த ஆஸ்பத்திரில பாத்தீக? எந்திரிச்சு உக்கார முடியுதா?”

இன்று காலையில் மைதானத்தைப் பன்னிரண்டு சுற்று ஓடிவிட்டு வந்தாள் என்றேன். அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். என்னைச் சார்ந்து வாழ்பவர்: மனைவி. இயலாமை: கடுமையானது, எண்பது சதவீதத்துக்கு மேல். கீழே மாரீஸ்வரியின் ஆதார் எண், கடைசி இலக்கம் வரைக்கும் சரியாக.

அரசாங்கத்தின் கண்ணில் என் மனைவி எழுந்து நடக்க முடியாதவள். நான் அவளை வைத்துக் காப்பாற்றுகிறவன். அந்தத் தியாகத்துக்குக் கிடைத்த கழிவில்தான் வாஷிங் மெஷின் வந்திருக்கிறது.

அண்ணாச்சி உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, “ஆளைக் காட்டுங்க” என்றார்.

“அண்ணாச்சி, இது அழிக்கிறதுக்குத்தான? சேக்கிறதுக்குத்தான ஆளு வேணும்?”

“சேக்கையில அவுகளைக் கேக்கலை. அழிக்கையிலயாவது கேக்கணும்லா.”

அதோடு போகவில்லை. வருமான வரி போர்ட்டலின் பாஸ்வேர்டு ஏஜென்ட்டோடு போய்விட்டது. புதிதாக மாற்ற வேண்டுமானால் என் ஆதாரோடு இணைத்த போனுக்குத்தான் ஓடிபி வரும். என் ஆதாரோடு இணைந்திருப்பது மாரீஸ்வரியின் போன். ஆதார் புதுப்பிக்கும் அன்று என் போன் தண்ணீரில் விழுந்து கிடந்ததால் அவள் நம்பரைக் கொடுத்திருந்தேன். ஆக, மனைவி இல்லாமல் பூட்டும் திறக்காது, அண்ணாச்சியும் கைவைக்க மாட்டார். முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு திருத்தவும் வழியில்லை, நோட்டீஸ், அபராதம் என்று அவர்களாக ஆரம்பிப்பார்கள். அபராதம் வரி மாதிரி இரண்டு மடங்குவரை போகும் என்று அண்ணாச்சி சாதாரணமாகச் சொன்னார். பிள்ளையின் அடுத்த வருடக் கட்டணத்தை எங்கிருந்து கட்டுவேன் என்று நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் சொல்லிவிட முயன்றேன். முதல் நாள் அவள் சமையலறையில் இருந்தபோது போய், ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தேன். கையில் அரிவாள்மனையோடு நிமிர்ந்து பார்த்தாள். நேற்றைக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு சரிப்பட்டு வராது, வெளியே சொல்லலாம் என்று ஒரு காலையில் அவளோடு மைதானத்துக்குப் போனேன். அவள் ஓட ஆரம்பித்தாள். நானும் பின்னால் ஓடினேன். கடுமையான இயலாமை உள்ள அந்தப் பெண்மணியை இரண்டாவது சுற்றிலிருந்து என்னால் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் அவள் வாஷிங் மெஷினைக் காட்டிக்கொண்டிருந்தாள். “இவுக வேலையப் பாத்து ஓனரு கண்ணுல தண்ணி வச்சுட்டாராம்க்கா,” என்றாள். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டபோது, மெஷினுக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

அச்சகத்திலும் தப்பிக்க இடமில்லை. அது காலண்டர் சீசன். பைண்டிங் மேசையில் கட்டுக் கட்டாகக் கிடப்பதெல்லாம் தேதி. போகிற வருகிற இடமெல்லாம் முப்பத்தொன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. லோடு கேட்டுப் போன் வந்தால் அலறினேன். மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராகத் திருத்திவிட்டு நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் ரிட்டனில் ஏதோ நன்கொடை என்றுதான் எழுதியிருந்ததாம். மனைவியை எழுதினது என்னுடையதில் மட்டும்தான்.

முப்பத்தொன்று வந்துவிட்டது. பள்ளிக்கு அரையாண்டு லீவு, மாரீஸ்வரி வீட்டில் இருந்தாள். மதியம் மூன்று மணிக்கு, நம் மகளின் கல்லூரி ரசீதுகளை அண்ணாச்சி கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். உடனே பீரோவிலிருந்து பிளாஸ்டிக் பைலை எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். வழியெல்லாம் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு எதிரே வந்த காலண்டர் லாரிகள் மட்டும் தெரிந்தன.

பெஞ்சில் மூன்று பேர் கடைசி நாள் அவசரத்தில் காத்திருந்தார்கள். அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் அவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். மாரீஸ்வரியை உட்காரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினார். அவள் போன் சிணுங்கியது.

“ஏதோ நம்பர் வருதே,” என்றாள்.

“அது பதினஞ்சு நிமிசம் வரைக்கும் செல்லும்மா. அதுக்குள்ள தம்பி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னாரு.” என்னைப் பார்த்தார். “சொல்லுங்க.”

பன்னிரண்டு நாள் தயாரித்து வைத்திருந்த வேடிக்கை வசனங்கள் ஒன்றும் வரவில்லை. ஏஜென்ட், ஆதார், அவள் பெயர், எண்பது சதவீதம், வாஷிங் மெஷின், முதலாளி கண்கலங்காதது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“யாருக்கு? எனக்கா?” என்றாள். அண்ணாச்சி குனிந்தபடியே தலையசைத்து அந்த நான்காம் பக்கத்தை அவளிடம் நகர்த்தினார். தன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

“பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் என்ன சொல்லிக் குடுப்பேன் தெரியுமா? கோட்டைத் தாண்டினா, ரெப்ரி பாக்கலைன்னாலும், தாண்டிட்டேன்னு தானாக் கையைத் தூக்கணும். எம் பேரை வச்சே தாண்டியிருக்கீக. எங்கிட்டக் கூடக் கையைத் தூக்கலையே.”

எழுந்தாள். குடிக்கத் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். அண்ணாச்சி உள்ளறைத் திரையைக் காட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போன் அந்தப் பைக்குள் இருந்தது.

ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரமாகும்? அண்ணாச்சியிடம் ஒரு குரல் கொடுங்களேன் என்று கெஞ்சினேன். “அவுக போனு, அவுக நம்பரு. அவுகளாத்தான் குடுக்கணும்,” என்றார். கம்ப்யூட்டரின் ஓரத்தில் மணி ஓடிக்கொண்டிருந்தது. பின் வாசல் வழியாகப் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போயிருப்பாளோ என்று ஒரு எண்ணம் வந்தது. மகளுக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அபராதம், வங்கிக்காரன், ஹாஸ்டல் வார்டன் மூன்று பேரும் வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம் முடிந்து, திரை பழைய பக்கத்துக்கே திரும்பிவிட்டது.

டீ குடிக்கப் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி இன்னொரு டீ குடிக்கச் சொன்னார்.

அப்போதுதான் காதில் விழுந்தது. உள்ளே இரண்டு பெண் குரல்கள். ஒன்று மாரீஸ்வரியுடையது. மற்றது மெல்லிய, நின்று நின்று பேசுகிற குரல். ஏழு வருடம் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் வீட்டில் ஒருவர் விடாமல் அவருக்குக் காட்டியிருக்கிறேன். அந்தத் திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கலாமா என்று அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். அவர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

மணி ஐந்தைத் தாண்டியபோது மாரீஸ்வரி வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். என்னைப் பார்க்காமல் அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த நம்பரைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்க அண்ணாச்சி.”

ஒவ்வொரு இலக்கமாக அவளே வாசித்தாள். அண்ணாச்சி ஒற்றை விரலால் தட்டினார். கடைசி நாள் ஆனதால் நாடே அந்த ஒரே வாசலில் முட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து சுற்றியது. ஆறு மணிக்குத்தான் கதவு திறந்தது. மாரீஸ்வரி பெயர் இருந்த வரிக்கு வந்ததும் அண்ணாச்சி விரலை எடுத்தார். “அழிச்சுரட்டுமாம்மா?” என்று கேட்டார். “அழிங்க,” என்றாள். வரி மறைந்தது.

“பிள்ளை பேரு எங்க இருக்கு?” என்றாள் அடுத்து.

அண்ணாச்சி மேலும் கீழும் தேடினார். மகள் பெயர் எங்கேயும் இல்லை. படிப்புக் கடன் வட்டி இல்லை, கல்லூரிக் கட்டணம் இல்லை. “இல்லாத நோவை எழுதினவன், இருக்கிற பிள்ளையை எழுதலை பாத்தீகளா,” என்றார். அவர் அன்று உண்மையாகக் கோபப்பட்டது அந்த இடத்தில்தான்.

மாரீஸ்வரி பைலைத் திறந்தாள். கையிலிருந்து கட்டிய கட்டணத்தின் ரசீதுகள், மாதாமாதம் வட்டி கட்டியதற்கு வங்கி கொடுத்த சான்று, எல்லாம் தேதிவாரியாக இருந்தன. அண்ணாச்சி உயிர் வந்தவரைப் போல நிமிர்ந்தார். டியூஷன் பீஸ் உண்டு. பஸ் கிடையாது. வளர்ச்சி நிதி கிடையாது. ஹாஸ்டல் கிடையாது. ஹாஸ்டல் இல்லாமல் பிள்ளை எப்படிப் படிப்பாள் என்று மாரீஸ்வரி சண்டைக்கு நின்றாள். “படிக்க முடியாதும்மா. ஆனாக் கழிக்கவும் முடியாது.” கடனில் அசல் கிடையாது, வட்டி மட்டும். அதற்கு உச்சவரம்பு இல்லை, கட்ட ஆரம்பித்ததிலிருந்து எட்டு வருடம் வரைக்கும் வரும்.

எழுதப்போகிற நேரத்தில் கையை நிறுத்தினார். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆளைக் காட்ட வேண்டும். மணி ஆறேகால், ஆள் கோயம்புத்தூரில். மாரீஸ்வரி போனில் மகளை வீடியோவில் கூப்பிட்டாள். தலையில் ஈரத் துண்டோடு அவள் வந்தாள். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “முழுநேரப் படிப்புத்தானம்மா?” என்று அண்ணாச்சி கேட்க, அவள் சட்டென்று பாட்டை அணைத்துவிட்டு, “ஆமா பெரியப்பா,” என்றாள். போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துத் திருப்திப்பட்டு, அப்புறம்தான் எழுதினார்.

மகள் பெயர் கணக்கில் வந்து சேர்ந்ததும் திருப்பிக் கட்ட வேண்டியது நான் பயந்ததைவிட நன்றாகக் குறைந்தது. வட்டியோடு அங்கேயே கட்டினேன். கடைசிப் பட்டனைத் தட்டியபோது சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ குடிக்கப் போனவர்களும் வந்து பின்னால் நின்றுவிட்டார்கள், அவர்களுக்கும் அதற்குமேல் டீ இறங்கவில்லை. ஏழு அடிக்கக் கொஞ்சம் முன்னால், சமர்ப்பிக்கப்பட்டது என்று வந்தது.

அண்ணாச்சி வழக்கமாக வாங்குகிற தொகையைத்தான் வாங்கினார். அடுத்த வருடம் புது வரி முறைக்குப் போய்விடுங்கள், உங்கள் சம்பளத்துக்குக் கழிவும் வேண்டாம், நானும் வேண்டாம் என்று வேறு சொன்னார். தன் பிழைப்புக்குத் தானே குழி தோண்டுகிற ஒரு மனிதரை அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

திரும்பும்போது பாதி வழியில் மாரீஸ்வரி வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள்.

“உள்ள அண்ணாச்சி வீட்டம்மா படுத்திருக்காக. வேலைக்குப் போன வேன் கவுந்து, இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்ல. சர்டிபிகேட்டு வாங்கப் போனப்ப டாக்டர்மாரு நிக்கச் சொன்னாகளாம். முடியலைன்னிருக்காக. பொய் சொல்லி வாங்குறவுக நெறைய வாரதால, இன்னொருக்க நில்லுன்னாகளாம். மூணு தடவை. அண்ணாச்சி தாங்கிப் பிடிச்சிருக்காரு. கையை எடுங்க, பாக்கணும்னு சொல்லியிருக்காக.”

ஏதாவது பேச வேண்டுமே என்று, மனைவிக்கான அந்தக் கழிவை அண்ணாச்சி வருடா வருடம் எடுக்கிறாரா என்று கேட்டேன்.

“வரி கட்டுற அளவுக்கு வருமானம் இருந்தாத்தான கழிக்க?” என்றாள். பிறகு, “உங்க மேல கோவம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை என்னை அங்கன கொண்டுபோயி விடுங்க, அவுக கைக்கும் தோளுக்கும் நான் பயிற்சி குடுக்கணும்.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் திருத்தங்கல். உள்ளே அவர்கள் இரண்டு பேரும் எண்ணிக்கை சொல்லிச் சிரிப்பார்கள். வெளியே நானும் அண்ணாச்சியும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். அவருக்கு வரியைத் தவிர வேறு பேசத் தெரியாது. எனக்குக் கேலியைத் தவிர வேறு பேசத் தெரியாது. ஆகவே இரண்டு பேரும் தெருவைப் பார்ப்போம். மாரீஸ்வரியின் கோபம் இப்போது பாதியாகியிருக்கிறது. மீதி எந்தப் பிரிவில் கழியும் என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன், அவர் உண்மையிலேயே யோசித்தார்.

போன ஞாயிறு எனக்குக் காய்ச்சல். மாரீஸ்வரி மட்டும் பஸ்ஸில் போய்வந்தாள். அண்ணாச்சி வழக்கம்போல வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தாராம். ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தாராம். வந்தவர் யாரையும் மற்றதில் உட்கார விடவில்லையாம். அதைக் கேட்டுவிட்டு நான் போர்வையை உதறி எழுந்து பைக் சாவியைத் தேடினேன்.